பத்தாண்டு வாக்குறுதி: ஒரு வழங்கி இயங்குதளத்தின் வரலாறு

1971ஆம் ஆண்டின் பிற்பாதியில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில், காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த மூன்று தட்டெழுத்தாளர்கள் ஒரு கணினியில் வேலை செய்யத் தொடங்கினார்கள். கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, உரிய வடிவில் அமைப்பது அவர்களின் பணி. அக்கணினியை இயக்கியது யுனிக்ஸ். 1969இல் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் அதே ஆய்வுகூடத்தில் உருவாக்கத் தொடங்கிய இயங்குதளம் அது.

அந்த மாதங்களைப் பற்றி ரிச்சி பின்னாளில் எழுதியிருக்கிறார். கணினியில் இருந்த வட்டின் கொள்ளளவு அரை மெகாபைட் மாத்திரமே. ஒருவரின் வேலை மற்றவரின் வேலையைக் குழப்பாமல் காக்கும் நினைவகப் பாதுகாப்பும் அந்த இயந்திரத்தில் இல்லை. தட்டெழுத்தாளர்கள் நாள் முழுவதும் வேலை செய்துகொண்டிருக்க, அதே இயந்திரத்தில் ஆய்வாளர்கள் தமது புதிய நிரல்களைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நிரல் தவறினால் முழு இயந்திரமும் நின்றுவிடும். வட்டு மிகச் சிறியது என்பதால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, தட்டச்சு செய்தவற்றைக் காந்த நாடாவுக்கு மாற்ற வேண்டும்.

கணினி வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்வை யுனிக்ஸின் முதல் வெற்றியாகக் குறிப்பிடுவதுண்டு. எனக்கோ இதில் வேறொன்று தெரிகிறது. அதுவரை ஆய்வாளர்களின் விளையாட்டுக் களமாக இருந்த ஓர் இயங்குதளத்தை நம்பி, அன்றுதான் வேறு சிலர் தமது அன்றாட அலுவலை ஒப்படைத்தார்கள். அந்த மூவருக்கும் நினைவகப் பாதுகாப்புப் பற்றி அக்கறையில்லை. காலையில் தட்டச்சு செய்தது மாலையில் இருக்க வேண்டும், இன்று இயங்கிய இயந்திரம் நாளையும் இயங்க வேண்டும், அவ்வளவுதான். இயங்குதளத்தை உருவாக்குபவருக்கும் அதை நம்பியிருப்பவருக்கும் இடையே நின்று, அந்த 'நாளையும்' என்ற சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டிய ஒரு மனிதரும் அன்றே தேவைப்பட்டுவிட்டார். முறைமை நிர்வாகி என்று இன்று நாம் அழைப்பது அவரைத்தான்.

நான் கலைப் பீடத்தில் படித்தவன், பொறியியலாளன் அல்லன். ஆனால் பல்லாண்டுகளாகப் பத்திரிகையில் எழுதியவன் என்ற வகையில், ஒப்பந்தங்களையும் வாக்குறுதிகளையும் பின்தொடர்ந்து, அவை எத்தனை காலம் உயிர் வாழ்ந்தன என்று கணக்கிடுவது என் தொழிலின் ஒரு பகுதியாக இருந்து வந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு நோக்கும்போது, வணிக நிறுவனங்களில் வழங்கி இயங்குதளங்களின் வரலாறும் ஒரு வாக்குறுதியின் வரலாறாகவே எனக்குத் தோன்றுகிறது. சேர்வர் என்று அலுவலகங்களில் எல்லோரும் சொல்லும் அந்த வழங்கிக் கணினியின் வேகத்தையும் திறமையையும் பற்றி ஏராளம் எழுதப்பட்டிருக்கிறது. யார் எத்தனை ஆண்டுக்கு அதைப் பராமரிப்பதாகச் சொன்னார்கள், சொன்னபடி நடந்தார்களா என்பது குறைவாகவே பேசப்படுகிறது.

கொழும்பில், பொருள்களை இறக்குமதி செய்து விநியோகிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் நீண்ட காலம் முறைமை நிர்வாகியாக இருந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. யாழ்ப்பாணத்தவர், என்னிலும் சில வயது இளையவர். இக்கட்டுரையின் பின்னணியில் அவருடைய அனுபவம் இருக்கிறது. "அண்ணை, மெசின் ஓடுறது பெரிய விசயமில்லை. நாளைக்கும் ஓடும் எண்டு ஆரோ ஒருத்தன் சொல்லித் தரவேணும். அவன் சொன்னதை நம்பித்தான் நான் முதலாளிக்குச் சொல்லுறன்" என்று அவர் ஒருமுறை கூறினார். இத்தொழிலின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் எனக்கு விளக்கியதில்லை.

சிறிய அலுவலகங்களில் வழங்கிகள் பரவலாக நுழைந்தது எண்பதுகளில்தான். நொவெல் நிறுவனத்தின் நெட்வேர் அக்காலத்தின் அரசன். ஓர் அலுவலகத்தில் பல கணினிகள் ஒரே கோப்புகளையும் ஒரே அச்சுப்பொறியையும் பகிர்ந்துகொள்ள அது வழி செய்தது. செய்யும் வேலை குறைவு. ஆனால் செய்வதைத் திருந்தச் செய்யும். அதன் உறுதிக்கு ஓர் எடுத்துக்காட்டு: நெட்வேர் 3.12 நிறுவப்பட்டு 1996 செப்டெம்பரில் இயங்கத் தொடங்கிய ஒரு வழங்கி, 16 ஆண்டுகளுக்கும் மேலாக ஒருமுறையேனும் நிறுத்தப்படாமல் ஓடியது. 2013இல் அதை நிறுத்தியபோது கூறப்பட்ட காரணம், வன்தட்டுகளின் தாங்கிகள் தேய்ந்து இரைச்சல் தாங்க முடியாமற் போனது என்பதாகும். மென்பொருள் களைக்கவில்லை, இரும்புதான் களைத்தது.

ஆனால் அந்த வழங்கி நிறுத்தப்படுவதற்கு முன்னரே நெட்வேரின் காலம் முடிந்துவிட்டது. 1993இல் மைக்ரோசொப்ட் விண்டோஸ் என்.டி.யைக் கொண்டுவந்தது, 1996இல் அதன் நான்காம் பதிப்பு வெளியானது. கோப்பும் அச்சும் மட்டுமன்றி, தரவுத்தளம், மின்னஞ்சல், வணிக மென்பொருள் எல்லாம் ஒரே வழங்கியில் இயங்க வேண்டும் என்று நிறுவனங்கள் விரும்பிய காலம் அது. நெட்வேர் மெல்ல மெல்லப் பின்தள்ளப்பட்டது. 2003இல் நொவெல் நிறுவனமே சூசே என்ற லினக்ஸ் நிறுவனத்தை வாங்கப்போவதாக அறிவித்தது. நெட்வேரின் கடைசிப் பதிப்பான 6.5க்குரிய பொதுப் பராமரிப்பு 2010 மார்ச்சில் முடிவுற்றது.

இங்கு ஒரு விடயத்தை விளக்க வேண்டும். பராமரிப்பு முடிந்துவிட்டது என்றால் இயந்திரம் நின்றுவிடும் என்று பொருளல்ல. அது வழமைபோல இயங்கும். ஆனால் எந்த இயங்குதளத்திலும் காலத்துக்குக் காலம் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. பராமரிப்பவர் இருக்கும்வரை அந்த ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். பராமரிப்பவர் விலகிய நாளிலிருந்து ஓட்டைகள் மட்டும் வரும், திருத்தங்கள் வரமாட்டா. வீட்டுக் கதவு பூட்டியபடிதான் இருக்கும். ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கும் வித்தை ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். கணக்குப் புத்தகமும் வாடிக்கையாளர் விபரமும் சம்பளப் பட்டியலும் இருக்கும் இயந்திரத்தை அந்த நிலையில் விட்டுவைக்க எந்தப் பொறுப்புள்ள நிர்வாகியும் துணியமாட்டார். ஆகவே இயங்குதளத்தின் உண்மையான ஆயுள் அதைப் பராமரிப்பதாக வாக்களித்தவரின் ஆயுளே ஆகும்.

இனி லினக்ஸுக்கு வருவோம். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய முயற்சி அது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டத்தின் மென்பொருள்களோடு சேர்ந்தபோது அது முழுமையான இயங்குதளமாயிற்று. யாரும் பயன்படுத்தலாம், மூலநிரலைப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கு வழங்கலாம். வழங்கும்போது பெறுபவருக்கும் அதே உரிமைகளைக் கொடுக்க வேண்டும் என்பதே குனூ பொது உரிமத்தின் அடிப்படை. இந்த லினக்ஸை நிறுவுவதற்கு ஏற்றவாறு தொகுத்து விற்ற நிறுவனங்களுள் முதன்மையானது ரெட் ஹட். 1999 ஆகஸ்டில் அது அமெரிக்கப் பங்குச் சந்தையில் நுழைந்தது. அதன் தொகுப்பைப் பெட்டியில் வாங்கலாம். இணையத்திலிருந்து இலவசமாகவும் இறக்கிக்கொள்ளலாம்.

நண்பரின் நிறுவனத்தில் அப்போது நான்கு வழங்கிகள் இருந்தன. மின்னஞ்சலுக்கும் கோப்புகளுக்கும் ரெட் ஹட் லினக்ஸை அவர் நிறுவினார். முதலாளிக்கு லினக்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. உரிமக் கட்டணம் இல்லை என்பது மட்டும் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது.

2003 மார்ச்சில் ரெட் ஹட் லினக்ஸ் 9 வெளிவந்தது. அதுவே அவ்வரிசையில் கடைசி என்பது அவ்வாண்டு நவம்பரில் தெளிவாயிற்று. 7, 8 ஆகிய பதிப்புகளுக்கான திருத்தங்கள் 2003 டிசெம்பருடன் நிற்கும். 9ஆம் பதிப்புக்கு 2004 ஏப்ரல் இறுதியுடன் நிற்கும் என்று நிறுவனம் அறிவித்தது. இனி இரண்டு வழிகள்தான். ஒன்று, பல ஆண்டுப் பராமரிப்போடு, ஆண்டுச் சந்தா கட்டிப் பெறும் ரெட் ஹட் என்டர்பிரைஸ் லினக்ஸ். மற்றது, இலவசமாகக் கிடைக்கும் ஃபெடோரா. ஆனால் அதன் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ ஓராண்டு மாத்திரமே பராமரிக்கப்படும். ஆண்டுதோறும் வழங்கிகளை மாற்றிக்கொண்டிருக்க ஒரு வணிக நிறுவனத்தால் முடியாது. "சேர்வர் மாத்திறது வீடு மாறுற மாதிரி இல்லை, அண்ணை. சனம் உள்ளுக்கை இருக்கேக்கை அத்திவாரத்தை மாத்திற வேலை" என்பார் நண்பர்.

அவரைப் போலவே தவித்தவர்கள் உலகெங்கும் இருந்தனர். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் டிரிடர் என்ற சிற்றூர் உண்டு. அங்குள்ள போரிகார்ட் மாவட்டப் பொது நூலகத்தில் சில வழங்கிகளும் ஐம்பதுக்கு மேற்பட்ட கணினிகளும் ரெட் ஹட் லினக்ஸில் இயங்கிக்கொண்டிருந்தன. சந்தா கட்டவும் வசதியில்லை. ஆண்டுக்கொருமுறை மாற்றவும் ஆளில்லை. எனவே அந்நூலகம் ஒரு காரியம் செய்தது. ரெட் ஹட் தனது வணிகப் பதிப்பின் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டு வந்தது. அதை எடுத்து, நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் நீக்கிவிட்டு, மீண்டும் தொகுத்து, வைட் பொக்ஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் வழங்கியது. உரிமம் இதை அனுமதித்தது. பெயரும் சின்னமும் வணிகக் குறிகள். நிரல் பொதுச் சொத்துப் போன்றது. ஒரு கிராமப்புற நூலகம் தன் தேவைக்காகச் செய்த வேலை பல நாடுகளின் வழங்கிகளுக்கு அடைக்கலமாயிற்று.

இதே வழியில் 2004இல் வெளிவந்ததுதான் சென்ட்ஓஎஸ். கிரெகரி கர்ட்சர் என்பவர் முன்னின்று நடத்திய ஒரு தன்னார்வத் திட்டத்திலிருந்து பிறந்து, விரைவிலேயே வைட் பொக்ஸ் முதலிய முயற்சிகளையெல்லாம் முந்திவிட்டது. நண்பர் தம் நான்கு வழங்கிகளையும் அவ்வாண்டே அதன் மூன்றாம் பதிப்புக்கு மாற்றினார். ரெட் ஹட்டின் மூன்றாம் பதிப்பு 2010 அக்டோபர் வரை பராமரிக்கப்படவிருந்தது. எனவே அதன் நிழலான சென்ட்ஓஎஸ்ஸும் அதுவரை பராமரிக்கப்படும். ஏழாண்டு வாக்குறுதி ஒரு சதமும் செலவில்லாமல் கிடைத்தது.

சென்ட்ஓஎஸ்ஸின் இளமைக்காலம் சுவையானது. 2005இல் ரெட் ஹட்டின் சட்டத்தரணிகள், தமது கட்சிக்காரரின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று கடிதம் அனுப்பினர். அதன் பின்னர் சென்ட்ஓஎஸ்காரர்கள், 'பிரபல வட அமெரிக்க லினக்ஸ் விற்பனையாளர் ஒருவர்' என்று பெயர் சொல்லாமல் எழுதத் தொடங்கினர். பத்தினிப் பெண்கள் கணவன் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்துக் குறிப்பிட்ட அந்தக்கால வழக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது. 2006 மார்ச்சில் ஒக்லஹோமா மாநிலத்தின் டட்டில் நகரத்தில் இன்னொரு வேடிக்கை நடந்தது. அந்நகரின் இணையத்தளத்தை நடத்திய நிறுவனத்தின் வழங்கியில் கோளாறு ஏற்பட்டு, நகரத்தின் பக்கத்துக்குப் பதிலாக, சென்ட்ஓஎஸ் நிறுவப்பட்டிருப்பதைத் தெரிவிக்கும் வெறும் சோதனைப் பக்கம் தோன்றியது. நகர நிர்வாகி அதைப் பார்த்து, சென்ட்ஓஎஸ் என்ற கும்பல் தமது தளத்தைக் கைப்பற்றிவிட்டதாக நினைத்து, எப்.பி.ஐ.யிடம் முறையிடப் போவதாக மிரட்டல் கடிதங்கள் எழுதினார். மிரட்டலுக்கு ஆளான தன்னார்வத் தொண்டரே பொறுமையாக ஆராய்ந்து, கோளாறு எங்கே என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தார். அந்த ஊர் தன்னை அறியாமலேயே சென்ட்ஓஎஸ்ஸின் பயனாளியாக இருந்தது என்பதே இதிலுள்ள நகைமுரண்.

வேடிக்கையோடு அச்சமும் இருந்தது. 2009 ஜூலை இறுதியில், திட்டத்தின் இணைய முகவரியையும் நன்கொடைப் பணத்தையும் தம் பொறுப்பில் வைத்திருந்த நிறுவகர் ஒருவர் தொடர்பில்லாமல் போய்விட்டார் என்று ஏனைய தொண்டர்கள் பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர். சில நாட்களில் விடயம் தீர்க்கப்பட்டதாயினும், உலகெங்கும் எண்ணற்ற நிறுவனங்கள் சார்ந்திருந்த ஓர் இயங்குதளத்தின் சாவி ஒரு மனிதரின் சட்டைப்பையில் இருந்தது அன்று வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்து, ரெட் ஹட்டின் ஆறாம் பதிப்பு 2010 நவம்பரில் வந்தபோது, அதற்கு நிகரான சென்ட்ஓஎஸ் வர 2011 ஜூலை வரை எட்டு மாதங்கள் சென்றன. சம்பளமில்லாத தொண்டர்களிடம் நாள் குறித்துக் கேட்க எவருக்கு உரிமை உண்டு?

ஆகவே 2014 ஜனவரியில் ரெட் ஹட் நிறுவனமே சென்ட்ஓஎஸ் திட்டத்தைத் தன்னோடு இணைத்துக்கொள்வதாகவும் அதன் முக்கிய தொண்டர்களுக்கு வேலை கொடுப்பதாகவும் அறிவித்தபோது, பெரும்பாலான நிர்வாகிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். ஒருகாலத்தில் வக்கீல் கடிதம் அனுப்பியவர்கள் இப்போது உறவு கொண்டாடினார்கள். அதற்குள் ரெட் ஹட் தன் பராமரிப்புக் காலத்தையும் ஏழிலிருந்து பத்து ஆண்டுகளாக நீட்டியிருந்தது. 2014 ஜூலையில் வந்த சென்ட்ஓஎஸ் 7, 2024 ஜூன் 30 வரை பராமரிக்கப்படும் என்று சொல்லப்பட்டது. நண்பருக்கு மட்டும் சிறு நெருடல் இருந்தது. "தொண்டர் கையில இருந்தது இப்ப கொம்பனி கையில போட்டுது. கொம்பனிக்கு ஒரு நாள் கணக்குப் பாக்க வேண்டி வரும்" என்றார்.

2018 அக்டோபரில், ரெட் ஹட் நிறுவனத்தை 34 பில்லியன் டொலருக்கு வாங்கப்போவதாக ஐ.பி.எம். அறிவித்தது. 2019 ஜூலையில் அந்தக் கொள்வனவு நிறைவுற்றது. அவ்வாண்டு செப்டெம்பர் 24இல் சென்ட்ஓஎஸ் 8 வெளியானது. அதன் பராமரிப்பு 2029 மே மாதம் வரை நீடிக்கும் என்பது எல்லோரும் நம்பியிருந்த கணக்கு.

நண்பரிடம் அப்போது 11 வழங்கிகள் இருந்தன. அவற்றுள் ஏழை 2020இல் எட்டாம் பதிப்புக்கு மாற்றினார். கொரோனா ஊரடங்கில் அலுவலகம் வெறிச்சோடியிருந்த வாரங்களை அதற்குப் பயன்படுத்திக்கொண்டார். ஒவ்வொரு வழங்கிக்கும் முதலில் முழுக் காப்புப் பிரதி. பின் தனியான ஓர் இயந்திரத்தில் ஒத்திகை. பின் கணக்கு மென்பொருள் சரியாகத் திறக்கிறதா, விலைச்சிட்டை அச்சாகிறதா, சுங்கப் பத்திரங்களின் கோப்புகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தல். அதன் பின்னரே உண்மையான மாற்றம். முடிந்ததும், இனி 2029 வரை கவலையில்லை என்று இயக்குநர் சபைக்கு எழுத்தில் அறிக்கை கொடுத்தார். எஞ்சிய நான்கும் பழைய ஏழாம் பதிப்பிலேயே இருந்தன.

2020 டிசெம்பர் 8இல் அறிவிப்பு வந்தது. சென்ட்ஓஎஸ் 8இன் பராமரிப்பு 2029இல் அல்ல, 2021 டிசெம்பர் 31இலேயே முடியும். அதன் இடத்தில் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் என்பது தொடரும். சென்ட்ஓஎஸ் இதுவரை ரெட் ஹட்டின் வெளியீட்டுக்குப் பின்னால் வந்த நிழல். ஸ்ட்ரீம் என்பதோ அடுத்த வெளியீட்டில் இடம்பெறப் போகும் மாற்றங்கள் முன்கூட்டியே வந்து சேரும் களம். பழைய ஏழாம் பதிப்புக்கு மட்டும் 2024 வரை என்ற தவணை அப்படியே இருக்கும்.

இதன் விசித்திரத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். காலம் தாழ்த்தி, பழையதைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு மூன்றரை ஆண்டு அவகாசம். கடமை தவறாமல் புதியதுக்கு மாறியவருக்கு ஓராண்டு. நண்பரின் 11 வழங்கிகளில், அவர் தொடாமல் விட்ட நான்கும் பத்திரமாக இருந்தன. அவர் இரவு பகலாக உழைத்து மாற்றிய ஏழும் ஆபத்தில் இருந்தன. இயக்குநர் சபைக்குக் கொடுத்த அறிக்கையை அவர் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதில் ஒரு சொல்லும் எழுதிய நாளில் பொய்யாக இருக்கவில்லை.

நீதியாகப் பேசுவதானால் மறுதரப்பையும் சொல்ல வேண்டும். லினக்ஸுக்குப் பெருமளவு உழைப்பை வழங்கும் நிறுவனங்களுள் ரெட் ஹட்டும் ஒன்று. அதன் பொறியியலாளர்களுக்குச் சம்பளம் சந்தாவிலிருந்துதான் வருகிறது. சென்ட்ஓஎஸ்ஸைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் நூலகங்களோ சிறு வணிகங்களோ அல்லர். கோடிக்கணக்கில் உழைக்கும் நிறுவனங்களும் ஒரு சதம் கொடாமல் பயனடைந்தன. 2021 ஜனவரியில் ரெட் ஹட், 16 இயந்திரங்கள் வரை தன் வணிகப் பதிப்பைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று சலுகையும் அறிவித்தது. சென்ட்ஓஎஸ்ஸை நடத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்ற சட்டக் கடப்பாடு எதுவும் அதற்கு இருக்கவில்லை. ஆனால் தவணை சொல்லி, அதை நம்பி மற்றவர்கள் வேலையை முடித்த பின் தவணையைக் குறைப்பது வேறு விடயம். நிறுத்துவது என்றால் எட்டாம் பதிப்பை வெளியிடாமலேயே நிறுத்தியிருக்கலாம் என்பதே அக்காலத்தில் நிர்வாகிகள் பலரின் மனத்தாங்கலாக இருந்தது.

16 இயந்திரச் சலுகையை நண்பர் ஏன் ஏற்கவில்லை என்று கேட்டேன். இன்று இலவசம் என்று சொல்பவர் நாளை கட்டணம் என்று சொன்னால், அதை டொலரில் அல்லவா கட்ட வேண்டும் என்றார். அவர் அப்படிச் சொல்லி ஓராண்டு கழிவதற்குள் இலங்கையின் நிலைமை எப்படியாயிற்று என்பது வாசகர்கள் அறிந்ததே. 2022இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. பணம் இருந்தாலும் வங்கியில் டொலர் இல்லை. எரிபொருளுக்கும் மருந்துக்குமே டொலர் தேடிய நாட்டில், மென்பொருள் சந்தாவுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கோரி எந்த வங்கி முகாமையாளர் முன்னால் போய் நிற்பது? அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலங்கள் வரை சென்றது. மின்பிறப்பாக்கிக்கு டீசல் கிடைக்கவில்லை. தம் வாழ்நாளில் முதன்முறையாக, அட்டவணை போட்டு வழங்கிகளை நிறுத்தி நிறுத்தி ஏற்றியதாக நண்பர் சொன்னார். பணக்கார நாடொன்றின் நிறுவனத்துக்குச் சந்தா என்பது செலவுப் பட்டியலில் ஒரு வரி. டொலர் இல்லாத நாட்டின் நிறுவனத்துக்கு, கட்டற்ற மென்பொருள் என்பது தொழில் நடக்குமா நடக்காதா என்ற கேள்வி.

நல்ல வேளையாக, அதற்குள் மாற்று வழி பிறந்துவிட்டிருந்தது. 2020 டிசெம்பர் அறிவிப்பு வந்து சில மணி நேரத்திலேயே, சென்ட்ஓஎஸ்ஸின் தொடக்கத்தில் நின்ற கிரெகரி கர்ட்சர், அதே பணியை மீண்டும் தொடங்கப்போவதாகச் சொன்னார். சென்ட்ஓஎஸ்ஸின் ஆரம்பகாலத் தோழராக இருந்து மறைந்த ரொக்கி மக்கோவின் நினைவாக அதற்கு ரொக்கி லினக்ஸ் என்று பெயரிட்டார். கிளவுட்லினக்ஸ் என்ற நிறுவனம் அல்மாலினக்ஸைத் தொடங்கி, பின்னர் அதை இலாப நோக்கற்ற அமைப்பொன்றிடம் ஒப்படைத்தது. அல்மா 2021 மார்ச் 30இலும், ரொக்கி 2021 ஜூன் 21இலும் முழு வடிவில் வெளிவந்தன. இருக்கின்ற சென்ட்ஓஎஸ் 8ஐ அழிக்காமல், அதே இடத்தில் வைத்தே மாற்றும் கருவிகளையும் இரண்டும் வழங்கின. பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகம் செய்ததை, அதே உரிமத்தின் பலத்தால், வேறு மனிதர்கள் மீண்டும் செய்தார்கள்.

நண்பர் அல்மாவைத் தேர்ந்தார். 2021 நவம்பரில், மூன்று சனிக்கிழமை இரவுகளில் ஏழு வழங்கிகளும் மாற்றப்பட்டன. திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. 2022 ஜனவரி இறுதியில் சென்ட்ஓஎஸ் 8இன் கோப்புகள் வழக்கமான விநியோக இடங்களிலிருந்து அகற்றப்பட்டு, பழையவற்றுக்கான களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டன. மாறாமல் விட்டவர்களின் வழங்கிகள் அன்றிலிருந்து திருத்தம் கேட்டு வெறுங்கையோடு திரும்பின.

கதை அத்துடன் முடியவில்லை. 2023 ஜூன் 21இல், தனது வணிகப் பதிப்பின் மூலநிரலைச் சந்தாதாரர் அல்லாதோருக்குப் பொதுவில் வெளியிடுவதை ரெட் ஹட் நிறுத்தியது. ஸ்ட்ரீமின் மூலநிரல் மட்டும் பொதுவில் இருக்கும் என்றது. பெறுபவருக்கு மூலநிரல் கொடுக்க வேண்டும் என்றுதான் உரிமம் சொல்கிறது. ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அல்மா இதற்கு ஈடுகொடுக்க, அச்சொட்டான நகல் என்ற நோக்கைக் கைவிட்டு, ரெட் ஹட்டில் இயங்கும் மென்பொருள் எதுவும் தன்னிலும் மாறுபாடின்றி இயங்கும் என்ற அளவில் நின்றுகொண்டது. ரொக்கி வேறு வழிகளில் மூலநிரலைப் பெற்று நகலாகவே தொடர்ந்தது. 2024 ஜூன் 30இல் சென்ட்ஓஎஸ் 7இன் பத்தாண்டு, சொன்னபடி, சொன்ன நாளில் நிறைவுற்றது. அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

இந்த வரலாற்றிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். நெட்வேர் உறுதியாக இருந்தும் போயிற்று. அதன் மூலநிரல் ஒரே கையில் இருந்தமையால், அந்தக் கை விலகியபோது வேறெவரும் அதைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. சென்ட்ஓஎஸ்ஸின் வாக்குறுதி முறிந்தது; ஆனால் நிரல் பலர் கையில் இருந்தமையால், ஏறத்தாழ ஆறு மாதத்தில் இரண்டு பேர் அதை ஏந்திக்கொண்டார்கள். உரிமம் எவரையும் வாக்குக் காப்பாற்றும்படி கட்டாயப்படுத்துவதில்லை. ஒருவர் வாக்குத் தவறும்போது இன்னொருவர் அந்த இடத்துக்கு வருவதை எவரும் தடுக்க முடியாதபடி மட்டும் அது பார்த்துக்கொள்கிறது. அதுவும் தானாக நடப்பதில்லை. வந்து நிற்க மனிதர்கள் வேண்டும், அவர்களுக்கு வருமானமும் வேண்டும். இலவசமாகப் பெற்றுப் பழகிய நாம் எல்லோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய பகுதி அது. நண்பரின் நிறுவனம் இப்போது ஆண்டுக்கொருமுறை அல்மா அமைப்புக்கு ஒரு சிறு தொகையை நன்கொடையாக அனுப்புகிறது. அதற்கு இயக்குநர் சபையைச் சம்மதிக்க வைக்க, வழங்கிகளை மாற்றியதைவிடக் கூடுதல் காலம் எடுத்ததாம்.

நண்பர் கடந்த ஆண்டு ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு மட்டக்களப்பைச் சேர்ந்த ஓர் இளம் பெண் வந்திருக்கிறார். அவரிடம் கையளித்த பொருள்களில் ஒரு பழைய சிஆர் கொப்பியும் இருந்தது. ஒவ்வொரு வழங்கிக்கும் ஒரு பக்கம். அதில் நிறுவிய திகதி, பராமரிப்பு முடியும் திகதி, அந்தத் திகதியைச் சொன்னவர் யார் என்று மூன்று நிரைகள். நிறுவிய திகதிகள் பேனையால் எழுதப்பட்டுள்ளன. முடியும் திகதிகள் எல்லாம், 2020 டிசெம்பருக்குப் பின்னர், பென்சிலால் எழுதப்பட்டுள்ளன.